படத்துக்குப் பின்னால் ஒரு வரி

மார்ச் 3

சில்வண்டுக்கு,

போன் போட்டால் நீ எடுக்க மாட்டாய். போன மாதம் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி, கோபம் வந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இது நான்காவது தொடக்கம்.

உன் அண்ணன் நலம். முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதையும் மறந்துவிடுகிறார், என்னையும் மறந்துவிடுகிறார்.

அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளன்று இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் நான் சொன்னது தப்புதான். நம் கண்ணாடிக் கடைக்காக நான்கு வருடமாக மாதம் ஒரு மெயில் செய்து கொடுத்தவள் நீ. அதைப் போய் "பார்த்தா கரண்ட் பில் மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் சும்மா இருக்கவில்லை. "என் மெயில் இல்லன்னா உங்க கடைய யாரு கண்டுக்கப் போறாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்தாய். அதற்கப்புறம் ஐந்து மாதம் பேச்சும் இல்லை, மெயிலும் இல்லை. சரி, அந்தக் கணக்கை விடு.

பார்வை டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாதவர்களுக்காகவே இரண்டு பெட்டி நிறைய பூதக்கண்ணாடிகளும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவிகளும் தூக்கிக்கொண்டு வருபவர். இந்த முறை நம் கடையில் மூன்று நாள் உட்காரச் சம்மதித்திருக்கிறார், மார்ச் 26 முதல். ஒரே நிபந்தனை, 18ஆம் தேதிக்குள் நாற்பத்தைந்து பேராவது பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார். அப்புறம் இந்தப் பக்கம் வர இரண்டு வருடம் ஆகுமாம். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் பலரை எனக்குப் பெயரோடு தெரியும்.

பக்கத்துக் கடையில் கல்யாண ஆல்பம் போடுகிற ஆல்பக்காரரிடம் மெயில் செய்யச் சொன்னேன். அழகாகத்தான் செய்தார். ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னவர்கள்.

நேற்று ஒருவர் போன் செய்து கேட்டார்: "உங்க கடையிலருந்து 'ஃபைனல் ஃபைனல் மூணு ஓகே'ன்னு ஒரு மெயில் வந்துச்சே, அது என்னதும்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அண்ணி

மார்ச் 4

அண்ணி,

புரிந்தது. இன்னும் என் பெயர் உங்கள் பட்டியலில் இருப்பதால் அந்த மெயில் எனக்கும் வந்தது. அப்போதே பார்த்துவிட்டேன். எழுதக் கை வந்தது, எழுதவில்லை.

அது மெயிலே இல்லை, ஒரு போஸ்டர். முழுவதும் ஒரே படம். நிறைய மெயில் பெட்டிகள், பார்ப்பவர் சம்மதிக்கும் வரை படத்தைக் காட்டாது. அவர்களுக்கெல்லாம் நீங்கள் அனுப்பியது ஒரு காலிக் கட்டம். போனில் திறந்தவர்களுக்கு அந்தப் பெரிய படம் சுருங்கி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகியிருக்கும். போன் நம்பர் படத்துக்குள் இருப்பதால் தொட்டால் அழைக்காது. க்ரீம் நிறத்தின் மேல் தங்க நிற எழுத்து! கண் தெரியாதவர்களுக்கு அனுப்பும் மெயிலில்!

பார்வை குறைந்தவர்கள் பலர் மெயிலைப் படிப்பதில்லை, போனைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். போன் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்காது. படத்துக்குப் பின்னால் நாம் எழுதி வைக்கும் விளக்க வரியைத்தான் படிக்கும். விளக்க வரி இல்லையென்றால் படத்தின் ஃபைல் பெயரைப் படிக்கும். ஆல்பக்காரர் அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைத்தார் என்பது இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

சில்வண்டு

மார்ச் 5

சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னதால் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆனால் நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். பின் அறையில் தூசி படிந்து கிடக்கிறதே பழைய கம்ப்யூட்டர், அதில் அந்த மெயிலைத் திறந்தேன். வெள்ளைக் கட்டம். மூலையில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்ன அடையாளம். வேறு எதுவும் இல்லை. வேலை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல எனக்கே வெட்கமாகிவிட்டது. கடையின் பெரிய திரையில், என் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு "பிரமாதம்" என்று சொன்னவள் நான்தான். ஆல்பக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது. நீ செய்து தருவாயா?

நானே வாசகம் எழுதியிருக்கிறேன்: "எங்கள் பெருமைக்குரிய வாடிக்கையாளர்களே! தங்களின் பொன்னான பார்வையைப் பேணிட ஓர் அரிய வாய்ப்பு! புகழ்பெற்ற நிபுணரின் வருகை! முந்துங்கள்!" தேவைப்பட்டால் இன்னும் இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்துக்கொள்.

யாருக்காக இவ்வளவு தவிக்கிறேன் என்று நீ கேட்கலாம். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வரைபடக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் நிலத்தை அளந்து வரைபடம் போட்டவர். இப்போது நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் தெரியும். எதிரில் இருப்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. அவர் நம் கடைக்கு வந்ததே இல்லை. மருமகள் வந்து வாங்கிப் போவாள், இவர் போனில் பேசுவார். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் என்னை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

முதல் முறை பேசியபோது தனக்கு எதெல்லாம் தெரியவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். நான் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். "என்ன தெரியலங்கிறது இருக்கட்டும். எதைப் பாக்கணும்னு ஆசைன்னு சொல்லுங்க, அங்கிருந்து ஆரம்பிப்போம்." அதற்கு அவர், "நான் போட்ட வரைபடம் ஒண்ணு சுவத்துல மாட்டியிருக்கு. அதுல என் கையெழுத்து இருக்கு. அதைப் பாக்கணும்" என்றார். என்னிடம் அதற்கேற்ற லென்ஸ் இல்லை. டாக்டரம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

ஆல்பக்காரர் மெயில் போன அன்று அவர் போன் செய்தார். "அண்ணி, இத்தனை மாசம் கழிச்சு மெயில் வந்துச்சு, அதுல ஆளே இல்லையே" என்றார். என்ன ஆள் என்று கேட்டேன். "இல்ல, பரவாயில்ல, விடுங்க" என்று வைத்துவிட்டார். டாக்டரம்மா வரும் விஷயத்தை அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம், மறந்துவிட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒருவருக்கு மறந்தால் போன் போட்டுக்கொள்ளலாம். ஆயிரம் பேருக்கு?

அண்ணி

மார்ச் 7

அன்புள்ள அண்ணி,

செய்கிறேன். வரைபடக்காரருக்காகச் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் இருவருக்கும் கௌரவம்.

நீங்கள் எழுதிய வாசகத்தை மரியாதையோடு குப்பையில் போட்டேன். "பேணிட" என்று நீங்கள் என்றைக்காவது பேசியிருக்கிறீர்களா? கவுண்டரில் நின்றுகொண்டு "முந்துங்கள்" என்று யாரிடமாவது சொன்னதுண்டா?

ஆனால் அதே கடிதத்தில் கீழே, உங்களுக்கே தெரியாமல், முழு மெயிலையும் எழுதிவிட்டீர்கள். "என்ன தெரியலங்கிறது இருக்கட்டும். எதைப் பாக்கணும்னு ஆசைன்னு சொல்லுங்க." அண்ணி, நான் பதினொரு வருடமாக விளம்பர மெயில் செய்கிறேன். செருப்பு, டிக்கெட், சோபா, காப்பீடு, எதையும் விட்டு வைத்ததில்லை. அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இப்படி ஒரு முதல் வரி கிடைக்காது. நீங்கள் அதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இத்துடன் சோதனை மெயில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குக் கரண்ட் பில் மாதிரிதான் தெரியும், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பத்தி, மேலிருந்து கீழே. செய்தித்தாள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாகப் போட்டால் போனில் ஒன்று மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எழுத்து பெரியது, கறுப்பு, வெள்ளை மேல். வாசகம் எல்லாம் நிஜ எழுத்து, படம் வராவிட்டாலும் நிற்கும். பட்டனும் படம் இல்லை. எழுத்துக்குப் பின்னால் நீலம் பூசியிருக்கிறேன், அவ்வளவுதான். கட்டைவிரலால் தப்பாமல் தொடுகிற அளவு பெரியது. போன் நம்பரைத் தொட்டால் உங்கள் கவுண்டரில் மணி அடிக்கும். உள்ளே எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அட்டவணைக்குள் அடைத்திருக்கிறேன். என் ஆபீஸில் புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், இருபது வருடத்துக்கு முந்தைய பழக்கம் என்று. சிரிக்கட்டும். உங்கள் பின் அறைக் கம்ப்யூட்டர் மாதிரி கிழட்டுப் பெட்டிகளுக்கு அந்த ஒரு பாஷைதான் புரியும்.

உங்களிடம் மூன்று காரியம். பின் அறைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அண்ணன் போனில் பாருங்கள். பிறகு கடை வாசலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நீங்களும் அதில் நிற்க வேண்டும்.

சில்வண்டு

மார்ச் 9

சில்வண்டுக்கு,

பின் அறைப் பெட்டியில் நன்றாகத் தெரிகிறது. படம் வரவில்லை, ஆனால் வாசகமும் பட்டனும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்தேன். என்னுடைய பேச்சு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உன் அண்ணனிடம் போனில் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பிடுங்கி நானே பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கண் கூசுகிறது என்று அவர் போன் திரையை எப்போதும் கறுப்பாக வைத்திருப்பார். அதில் மெயிலும் கறுப்பாக மாறிவிட்டது. எழுத்து வெள்ளையாகிவிட்டது, நல்லது. ஆனால் மேலே கடைப் பெயர் இருக்கிறதே, அது கறுப்பு எழுத்தில் செய்த படம். கறுப்போடு கறுப்பாகக் காணாமல் போய்விட்டது. கடையே பெயரில்லாமல் நிற்கிறது. கண் கூசுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர், அவர்களும் திரையைக் கறுப்பாகத்தான் வைத்திருப்பார்கள். நான் சொல்வது சரிதானா, இல்லை உளறுகிறேனா?

இன்னொரு விஷயம். இவ்வளவு பேருக்கு அனுப்புகிறோம், கீழே ஒரு பட்டன் சேர்த்து "புது ஃப்ரேம்களுக்குச் சலுகை" என்று போட்டால் என்ன? இடம் நிறையக் காலியாகக் கிடக்கிறது. ஆல்பக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

வாசல் போட்டோ இணைத்திருக்கிறேன். என் முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கிறது, வெயில்.

அண்ணி

மார்ச் 10

அன்புள்ள அண்ணி,

உளறவில்லை. என் மூக்கை உடைத்துவிட்டீர்கள். கறுப்புத் திரையில் சோதிப்பதைத்தான் நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன், உங்கள் மெயிலில் அதையே விட்டுவிட்டேன். கடைப் பெயருக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை வைத்துவிட்டேன். இனிமேல் எந்தத் திரையிலும் தெரியும். என் ஆபீஸில் சோதனைக்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களிடம் உங்கள் கதையைச் சொன்னேன். ஒருவர் உங்களுக்கு வேலை வேண்டுமா என்று கேட்டார்.

சலுகைப் பட்டன் மட்டும் கிடையாது. காலியாகக் கிடக்கும் இடம் காலியாகக் கிடக்கட்டும், கண்ணுக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? ஒரு மெயில் ஒரு காரியத்தைத்தான் கேட்க வேண்டும். ஒருவர் கடைக்குள் வந்ததும் நீங்கள் "உக்காருங்க" என்பீர்கள். அதே மூச்சில் "அப்படியே கிளம்புங்க, பக்கத்துல சேல் போட்டிருக்கோம்" என்பீர்களா?

தலைப்பு வரிதான் பாக்கி. பெட்டிக்குள் நூறு மெயில் வரிசையாகக் கிடக்கும்போது திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வைப்பது அந்த ஒரு வரிதான். நான் எழுதியது: "பார்வை குறைந்தோருக்கான மூன்று நாள் ஆலோசனை." நீங்கள் ஒன்று எழுதுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் வரியை நூறு பேருக்கும் என் வரியை நூறு பேருக்கும் அனுப்பலாம். சாயங்காலத்துக்குள் எதை அதிகம் பேர் திறக்கிறார்களோ அதைத்தான் மீதி எல்லோருக்கும் அனுப்புவேன். ஓரவஞ்சனை இருக்காது.

சில்வண்டு

மார்ச் 11

சில்வண்டுக்கு,

இதைக் கேலி செய்யாதே. "டாக்டரம்மா வர்றாங்க. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கட்டுமா?"

அண்ணி

மார்ச் 11, சாயங்காலம்

அன்புள்ள அண்ணி,

என் வரியைத் திறந்தவர்கள் பத்தொன்பது பேர். உங்கள் வரியைத் திறந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

கேலி செய்யவில்லை. அந்த வரியை அச்சடித்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மீதி தொள்ளாயிரத்து நாற்பது பேருக்கும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

சில்வண்டு

மார்ச் 18

சில்வண்டுக்கு,

முதலில் நல்ல செய்தி, இல்லாவிட்டால் நீ கீழே தாவிப் போய்விடுவாய். ஐம்பத்து மூன்று பேர்! டாக்டரம்மாவுக்கு மத்தியானமே சொல்லிவிட்டேன். "நிச்சயம் வர்றேன், கூட அரை நாளும் சேத்துக்கிறேன்" என்றார். போன வியாழக்கிழமையிலிருந்து கவுண்டர் போன் ஓயவில்லை. முக்கால்வாசிப் பேர் ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "எனக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றுதான் தொடங்கினார்கள். உன் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பெயர் எழுதினார். மெஷினை நிறுத்திவிட்டு! இதை நீ நம்ப மாட்டாய்.

இப்போது மற்ற செய்தி. இதை எழுத எனக்கு நேரம் பிடிக்கும், நீ பொறுமையாக வாசி.

நேற்று வரைபடக்காரர் நேரிலேயே பெயர் கொடுக்க வந்தார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வாசலில் அவள் கையை விட்டுவிட்டுக் காலை உயரத் தூக்கி வைத்தார்.

"மாமா, அங்க ஒண்ணும் இல்ல, நேராத்தான் இருக்கு" என்றாள் மருமகள்.

"இங்க ஒரு டைல்ஸ் உடைஞ்சிருக்குமே?" என்றார்.

உடைந்திருந்தது உண்மை. போன மாதம்தான் மாற்றினோம். அந்த டைல்ஸைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? கேட்பதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். மூன்றாவது அலமாரிப் பக்கம் திரும்பி, "மேல் தட்டுல செவப்பு ஃப்ரேமெல்லாம் இன்னும் இருக்கா? ஸ்டூல் கிடைச்சுதா அண்ணி?" என்று கேட்டுச் சிரித்தார்.

கவுண்டரை விட்டு வெளியே வந்துவிட்டேன். "ஐயா, நீங்க இங்க வந்ததே இல்லையே. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே மாசாமாசம் அனுப்புறீங்க?" என்றார். "நடுவுல சில மாசம் ஒண்ணுமே வரல, அப்புறம் ஆளே இல்லாம ஏதோ ஃபைனல் ஃபைனல்னு வந்துச்சு. உங்களுக்கெல்லாம் உடம்புக்கு ஏதாவதான்னு பயந்துட்டேன். இந்த மாசம் மறுபடி வந்துட்டீங்க."

போனை எடுத்துக் காதருகே வைத்து உன் மெயிலைப் படிக்கச் சொன்னார். என்னுடைய வாசகம் வந்தது. நடுவில், வாசல் போட்டோ இருக்கும் இடத்தில், அந்தக் குரல் நான் எழுதாத ஒன்றைப் படித்தது.

"படம்: கடையின் வாசல். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெயிலுக்கு முகம் சுளித்திருக்கிறார், கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். யார் எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் இவர் இப்படித்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்."

பழையதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். நான்கு வருடத்து மெயில்களையும் அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"படம்: மூன்றாவது அலமாரி. சிவப்பு ஃப்ரேம்கள் மேல் தட்டில் இருக்கின்றன, அண்ணிக்கு எட்டாது. ஸ்டூலை அண்ணன் எடுத்துப் போய்விட்டதால் கீழே நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார்."

"படம்: ஒரு சிறுமியின் முதல் கண்ணாடி. அவள் போட மாட்டேன் என்று அழுததால் அண்ணி அதைத் தன் மூக்கில் மாட்டிக் காட்டினார். பார்க்க வேடிக்கையாக இருக்கிறார். சிறுமி சிரித்தது படத்தில் இல்லை, ஆனால் சிரித்தாள்."

"படம்: அண்ணி ஒரு கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மூன்றாவது தடவை துடைக்கிறார். இரண்டாவது தடவையே சுத்தமாகத்தான் இருந்தது."

உன் அண்ணன் பின் அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவும் லென்ஸ் துடைக்கும் துணியால்.

நான் மாதாமாதம் உனக்குப் போட்டோ அனுப்பினேன், நீ அதை மெயிலில் வைத்தாய், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். கடையின் பெரிய திரையில் எப்போதும் படம் தெரியும். அதனால் அதன் பின்னால் நீ எழுதியதை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்வை இல்லாதவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கே கண்ணாடி போட்டு அனுப்புகிற எனக்குத் தெரியவில்லை.

கரண்ட் பில் என்று சொன்னேனே. மன்னித்துக்கொள். இதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதப் பார்த்தேன், வரவில்லை. மன்னித்துக்கொள், அவ்வளவுதான்.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வாசித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விளக்க வரி எழுதுவது என் வேலையில் ஒரு விதி. "கடையின் படம்" என்று எழுதினாலே போதும், விதி நிறைவேறிவிடும். முதல் மாதம் அப்படித்தான் எழுதினேன். இரண்டாவது மாதம் நீங்கள் அனுப்பிய போட்டோவில் அண்ணனின் துணி கவுண்டரில் கிடந்தது. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதலாமே என்று தோன்றியது. பிறகு நிறுத்த முடியவில்லை. இங்கே என் அறையில் ஒரு ஜன்னல், அதற்கு எதிரே இன்னொரு ஜன்னல், இரண்டும் சாத்தியே இருக்கும். மாதத்தில் ஒரு நாள் உங்கள் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு வரி எழுதும்போது நான் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருவராவது கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் கேட்கட்டும் என்றுதான் எழுதினேன்.

நீங்கள் பில் என்று சொன்னபோது எனக்கு வலித்தது அதனால்தான். ஆனால் நான் கேட்டதும் அநியாயம். என் மெயில் இல்லாவிட்டால் கடையை யார் கண்டுகொள்வார்கள் என்றேன். நாற்பத்தொன்றும் பத்தொன்பதும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. நான் செய்வது கட்டமும் பட்டனும்தான். திறக்க வைப்பது நீங்கள். நீங்களும் என்னை மன்னியுங்கள்.

டாக்டரம்மா போன பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நன்றி மெயில் அனுப்ப வேண்டும். போட்டோ அனுப்புங்கள். அதற்கு விளக்க வரியை இந்த முறை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சில்வண்டு

மார்ச் 30

சில்வண்டுக்கு,

மூன்றரை நாளும் கடையில் நிற்க இடமில்லை. உன் அண்ணன் பக்கத்துக் கடையிலிருந்து நாற்காலி வாங்கி வந்தார். ஆல்பக்காரர் தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

வரைபடக்காரர் சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மா விளக்கு வைத்த பெரிய லென்ஸ் ஒன்றை அதன் மேல் வைத்து, கண்ணை எந்த ஓரத்துக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடம் ஆனது. பிறகு அவர் வலது மூலையில் விரலை வைத்து, "இதோ, என் கையெழுத்து. கொஞ்சம் கோணலாத்தான் போட்டிருக்கேன்" என்றார். லென்ஸை அவரே வாங்கிக்கொண்டு போனார்.

போகும்போது, "அண்ணி, எழுதுறது யாரு? நீங்க இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். நன்றி மெயிலில் தெரிந்துகொள்வீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதனால் டாக்டரம்மாவின் போட்டோ வேண்டாம். பழைய பெட்டியைக் குடைந்து வேறொன்றை எடுத்து இணைத்திருக்கிறேன். விளக்க வரி கீழே. ஏழு தடவை எழுதினேன். உன் வேலை இவ்வளவு கஷ்டம் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த மேசையில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன்.

"படம்: கடை திறப்பதற்கு முந்தைய நாள் எடுத்தது. அலமாரிகள் இன்னும் காலி. தரையில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அட்டைப் பெட்டி மேல் கம்ப்யூட்டர். முடியில் பெயின்ட். கேமராவைப் பார்க்கவில்லை, வேலையில் இருக்கிறாள். இவள் என் நாத்தனார். நான்கு வருடமாக எங்களை உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள் இவள்தான். இவளை ஒருவரும் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை."

நீளம் அதிகம் என்றால் வெட்டிக்கொள். கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டாதே.

அண்ணி

மார்ச் 31

அன்புள்ள அண்ணி,

விளக்க வரி இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது என்று நான் வகுப்பெடுப்பது வழக்கம். உங்களுடையது ஒன்பது. ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

சோதனை மெயிலை எனக்கே அனுப்பிக்கொண்டேன். போனில் படங்களை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முடிந்ததும் மறுபடி படிக்கச் சொன்னேன்.

எல்லாம் தயார். அனுப்பும் பட்டனை அமுக்கும் முன் உங்கள் வாயால் ஒரு தடவை சரி என்று கேட்க வேண்டும். எழுத வேண்டாம் அண்ணி. போன் போடுங்கள், எடுக்கிறேன்.

சில்வண்டு